சுழியை அழித்த கை

பத்மாவதிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை காலையும் தட்டில் வைத்த தோசை வைத்தபடியே ஆறிக்கொண்டிருந்தது.

"சாப்பிடு பிள்ள. சாப்பாட்டு மேல என்ன கோபம்?" என்றார் அம்மா செல்வநாயகி.

"சாப்பாட்டு மேல இல்லம்மா."

"அப்ப அண்ணன் மேலதானே? வீட்டுக்குள்ள நடந்தது. வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சிக்கலாம்லா."

வீட்டுக்குள்ள! இந்த ஒரு சொல்லைப் போட்டு எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கிறார்கள் நம் குடும்பங்களில்! வெளியாள் எடுத்தால் திருட்டு, போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகலாம். அண்ணன் எடுத்தால் தங்கச்சி தோசை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொள்ள வேண்டும். இந்தத் தொண்ணூற்றாறாம் ஆண்டிலும் இதுதான் நியாயம்.

விஸ்வலிங்கம் எடுத்துப்போனது நகையோ நிலமோ அல்ல. தங்கை இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதிய கம்ப்யூட்டர் வேலை.

கையால் எழுதிய எண்ணைக் கம்ப்யூட்டர் படிக்க வேண்டுமானால் முதலில் அதற்குப் பாடம் நடத்த வேண்டும். ஆயிரக்கணக்கான கையெழுத்தைக் காட்டி இது மூன்று, இது ஏழு என்று சொல்லித் தர வேண்டும். அந்தப் பாடத்துக்கு வேண்டிய படங்களை எடுத்துக் கொடுக்கும் நிரல்களைத்தான் முதுகலை ஆய்வுக்காகப் பத்மா எழுதியிருந்தாள். தாளின் படத்தைத் திறக்கும். எண்களை ஒவ்வொன்றாக வெட்டும், ஒரே அளவாக்கும், பக்கத்திலேயே இது இன்ன எண் என்று சீட்டு ஒட்டி நீட்டும். சமைப்பது யாராக இருந்தாலும் காய்கறியைக் கழுவி நறுக்கிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் இல்லையா, அந்த மாதிரி. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால் இப்படிப்பட்ட தொகுப்புக்கு அவர்கள் துறையில் லைப்ரரி என்று பெயர்.

இந்தப் பெயரே வீட்டில் வம்பாகிவிட்டது. மகளுக்கு லைப்ரரியில் வேலை என்று கந்தசாமி கோயிலில் பாதிப் பேரிடம் செல்வநாயகி சொல்லி வைத்திருந்தார். "லைப்ரரியில எடுத்தா திருப்பிக் கொடுத்திடுவாங்கதானே? அண்ணனும் கொடுத்திடுவான்" என்று போன வாரம் சமாதானம் சொன்னதும் அவர்தான்.

அண்ணன் திருப்பிக் கொடுக்கவில்லை. பாலத்துக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் அவன் வேலை செய்யும் கம்பெனி, தபால் உறைகளில் எழுதிய அஞ்சல் எண்ணைப் படித்துப் பிரிக்கும் இயந்திரம் செய்கிறது. அந்தக் கம்பெனியின் கையேட்டில் பத்மாவின் நிரல்கள் வரிக்கு வரி அச்சாகிவிட்டன. அவள் கண்ணில் பட்டது மேலே ஒரு சின்னத் திருத்தம். அவள் 'பத்மாவதி ஏ/பி சிவகுருநாதன்' என்று போட்டிருந்தாள். சிவகுருநாதனின் மகள் என்பதற்கு இந்த நாட்டில் ஏ/பி, மகன் என்பதற்கு ஏ/எல். கையேட்டில் இருந்தது 'விஸ்வலிங்கம் ஏ/எல் சிவகுருநாதன்'. அப்பாவின் பெயரை அவன் தொடவே இல்லை. நல்ல பிள்ளை!

கையேடு அவளுடைய ஆய்வு வழிகாட்டி டாக்டர் சலேஹாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நேற்று மாலை அவர் பத்மாவை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். "எனக்கு உன்னைத் தெரியும். ஆய்வுக் குழுவுக்குத் தெரியாது. அச்சில் முதலில் வந்தது உன் அண்ணன் பெயர். திங்கட்கிழமை குழு கூடும்போது யாராவது நேரில் வந்து இது உன்னுடையது என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நீ அண்ணனிடமிருந்து நகலெடுத்ததாகத்தான் முடிவு செய்வார்கள்."

தன் சொந்த வேலையைத் தானே திருடியதாகப் பட்டம் வாங்கப் போகிறாள். முதுகலைப் பட்டம் அதோடு போய்விடும்.

இன்னொன்றும் அவளை அரித்தது. நிரல்கள் இருந்த டிஸ்கெட்டுகள் அவள் அலமாரியில் பூட்டி இருந்தன. விசு சிம்பாங் அம்பாட் என்ற ஊரில் மனைவி பிள்ளைகளோடு தனி வீட்டில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு மட்டும் வருவான். பூட்டு உடையவில்லை. எப்படி எடுத்தான்?

பத்து மணிக்கு டெலிபோன் அடித்தது. எடுத்தவர் அப்பா சிவகுருநாதன். போஸ்ட் ஆபீசில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போதும் டெலிபோனை நின்றுகொண்டுதான் பேசுவார்.

"என்னடா? மெதுவா சொல்லு... எத்தன? ரெண்டு ஒண்ணு மூணு ஒண்ணு ஒண்ணா? அது திரெங்கானு நம்பர்லா! பினாங்கு கடுதாசிய ஏண்டா திரெங்கானுக்கு அனுப்புற?"

பத்மா நிமிர்ந்தாள்.

"உறையில என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டாள்.

அப்பா போனில் கேட்டுச் சொன்னார். "ஒண்ணு, சுழியம், ரெண்டு, சுழியம், சுழியம். நம்ம பினாங்கு நம்பர்தான்."

10200 என்று எழுதியதை இயந்திரம் 21311 என்று படிக்கிறது. பத்மா மனதுக்குள் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தாள். எல்லா எண்ணிலும் ஒன்று கூடியிருந்தது. உடனே புரிந்துவிட்டது. எழுந்து போய் ரிசீவரை அப்பாவின் கையிலிருந்து வாங்கினாள். ஒரு வாரமாக அண்ணனோடு பேசாதவள் அவள்.

"ஒன்பதைக் காட்டினா சுழியம்னு சொல்லுதா?"

"ஆமா! எப்படித் தெரியும்?" விசுவின் குரல் நடுங்கியது. "பத்மா, மெஷினப் பாக்கக் கே.எல்.லருந்து ஆளுங்க வந்து உக்காந்திருக்காங்க. எல்லார் முன்னாடியும் மானம் போச்சு. நேத்து வரைக்கும் நல்லாத்தான் படிச்சிச்சு."

"எதை வச்சு டெஸ்ட் பண்ணின? நான் சேர்த்த அதே தாள்களை வச்சுத்தானே?"

"ஆமா."

"பாடத்துலயும் தப்பு, பரீட்சையிலயும் அதே தப்பு. அப்புறம் நூத்துக்கு நூறு வராம என்ன வரும்? சுழிதாண்டி எங்க?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"சுழிதாண்டின்னு ஒரு சின்ன நிரல் எழுதி வச்சிருந்தேன் அண்ணே. அத என்ன பண்ணின?"

"அது... பேரு தமிழ்ல இருந்துச்சு. கம்பெனியில யாராச்சும் இது என்னன்னு கேட்டா என்ன சொல்றது? அதான் எடுத்துட்டேன்."

எடுத்தது போதாதென்று அவளுடைய கை பட்ட இடத்தைத் தேடித் தேடித் துடைத்திருக்கிறான். எதற்கு அந்த வரிகள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அழித்திருக்க மாட்டான். அவன் பெயர்களை மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

"என்னடி அது, சொல்லு! மூணு மணிக்கு இன்னொரு தடவ பாக்குறேன்னு சொல்லியிருக்காங்க. திரும்பப் பாடம் நடத்த எங்க மெஷினுக்கு ஒரு நாள் ஆகும்."

"எங்கிட்ட சுழிதாண்டி வச்சுச் சரியாப் பாடம் படிச்ச டிஸ்கெட் இருக்கு."

"கொண்டு வா. ப்ளீஸ்லா பத்மா."

"வரேன். எல்லார் முன்னாடியும் இது என் தங்கச்சி எழுதினதுன்னு நீ சொல்லணும். திங்கக்கிழமை வந்து எங்க குழுவுலயும் சொல்லணும்."

"சொல்றேன். சத்தியமா சொல்றேன். வா."

அம்மா பூஜை அறைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "பாத்தியா, வீட்டுக்குள்ளயே முடிஞ்சு போச்சு" என்றார். பத்மா அலமாரியைத் திறந்தாள். டிஸ்கெட்டை உறையில் போட்டுக் கைப்பையின் உள்பக்கத்தில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

அப்பாதான் காடி ஓட்டினார். தீவிலிருந்து பிறைக்குப் போகும் பாலம் முழுக்க லாரி. பழைய புரோட்டோன் சாகா காரில் ஏர்கான் வேலை செய்யவில்லை, கண்ணாடியை இறக்கினால் புகை.

"அண்ணன மன்னிச்சிரு" என்றார் பாலத்தின் நடுவில். "அவனுக்குப் பதவி உயர்வு வர்ற நேரம். பிள்ளகுட்டிக்காரன்."

"எனக்கு என்ன வர்ற நேரம்னு தெரியுமாப்பா?"

அவர் ஹாரனை அடித்தார். முன்னால் யாரும் குறுக்கே வந்ததாகத் தெரியவில்லை.

பிறையில் அந்தக் கம்பெனியின் மாடியறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். நடுவில் கோலாலம்பூரிலிருந்து வந்த அஞ்சல் துறை அதிகாரி, ரொஸ்னா என்று பெயர். நீலத் தலைத்துணி, மேசைமேல் பேனா, முகத்தில் பொறுமை தீரப்போகிற களை. அவருக்குப் பக்கத்தில் நின்ற மேனேஜர் ராமதாசுக்கு ஏர்கானிலும் வியர்த்தது.

விசு ஓடி வந்தான். சட்டையும் டையும் ஒழுங்காக இருந்தன. பத்மா அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், இது என் தங்கச்சி" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். "டைப்பிங் வேலையில எனக்கு உதவி செய்வா. ஒரு டிஸ்கெட் வீட்டிலேயே தங்கிடுச்சு, அதைக் கொண்டு வந்திருக்கா."

டைப்பிங்!

சத்தியம் செய்து ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை. அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ஏதோ முக்கியமானதைத் தேடுவதுபோல் பார்க்க ஆரம்பித்தார். வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். ஆனால் சொன்னேனே, அவளுக்குக் குரல் உயராது.

"அண்ணே, மெஷின் ஏன் ஒண்ணு கூட்டிச் சொல்லுதுன்னு மேடத்துக்குச் சொல்லிட்டியா?" ஆங்கிலத்திலேயே கேட்டாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

விசு டையைத் தளர்த்தினான். "அது, ஒரு சின்ன அட்ஜஸ்ட்மெண்ட்..."

"என்ன அட்ஜஸ்ட்மெண்ட்?" என்றார் ரொஸ்னா.

அவன் ராமதாசைப் பார்த்தான். ராமதாஸ் அவனைப் பார்த்தார். பத்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர்களுடைய கம்ப்யூட்டரிலேயே தாள்களின் படங்களைத் திறந்தாள். முதல் தாள் திரையில் வந்தது. பூஜ்யம் முதல் ஒன்பது வரை வரிசை வரிசையாக, அப்பாவின் கிளார்க்குக் கையெழுத்தில், நிமிர்ந்து நிற்கும் எண்கள். அவற்றுக்கு மேலே தாளின் உச்சியில் தனியாக ஒன்று.

"இது என்ன, இரண்டா?" என்று கேட்டார் ரொஸ்னா.

"இல்ல மேடம். இது எங்க எழுத்து, உ. பிள்ளையார் சுழின்னு சொல்லுவோம். எதை எழுத ஆரம்பிச்சாலும் எங்க ஆளுங்க முதல்ல இதைப் போட்டுட்டுத்தான் எழுதுவாங்க. மளிகைச் சாமான் எழுதினாலும் சரி. எண்களை மட்டும் எழுதுங்கன்னு கெஞ்சித்தான் கொடுத்தேன். வெள்ளைத் தாளைப் பார்த்ததும் கை தானாப் போட்டிருச்சு."

அடுத்த தாள், அதற்கடுத்த தாள் என்று தள்ளிக் காட்டினாள். கோயிலில் பிடித்து எழுத வைத்தவர்கள், உறவுக்காரர்கள், அம்மாவின் சிநேகிதிகள். ஒருவர் பாக்கியில்லாமல் உச்சியில் உ.

"தாள்ல முதல்ல வர்றது பூஜ்யம், ரெண்டாவது வர்றது ஒண்ணுன்னு இந்த லைப்ரரி வரிசையாச் சீட்டு ஒட்டிக்கிட்டே போகும். சுழியைத் தாண்டாம விட்டா, சுழிக்குப் பூஜ்யம்னு சீட்டு. நிஜப் பூஜ்யத்துக்கு ஒண்ணு. ஒண்ணுக்கு ரெண்டு. தாள் முழுக்க ஒரு இடம் தள்ளிப் போயிடும். மெஷின் மேல தப்பே இல்ல. சொல்லிக் கொடுத்ததைத்தான் படிச்சிருக்கு. ஆரம்பத்துல எனக்கும் இப்படித்தான் ஆச்சு, ஒரு மாசம் தலையைப் பிச்சிக்கிட்டேன். அப்புறம்தான் சுழியைத் தாண்டிப் போக ஒரு நிரல் எழுதினேன்."

"அந்த நிரல் எங்கே?"

"அழிச்சிட்டாங்க."

யார் என்று அவள் சொல்லவில்லை. அறையில் இருந்த யாரும் கேட்கவும் இல்லை. விசு தரையைப் பார்த்தான்.

அவள் கைப்பையைத் திறந்து தன் டிஸ்கெட்டைப் போட்டாள். அவர்களுடைய கம்ப்யூட்டரில் எதையும் ஏற்றாமல் டிஸ்கெட்டிலிருந்தே ஓட்டினாள். கர்ர் கர்ர் என்று கொஞ்ச நேரம் சத்தம். ரொஸ்னா காலையில் தன் கையால் எழுதிய அதே உறையை இயந்திரத்தில் வைத்தார்கள்.

10200.

ரொஸ்னா பேனாவை எடுத்து இன்னொரு உறையில் எழுதினார். அதையும் சரியாகப் படித்தது. வேண்டுமென்றே கோணலாக இன்னொன்று எழுதினார். அதையும்தான். ராமதாஸ் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லது" என்றார் ரொஸ்னா. பிறகு கையேட்டின் முதல் பக்கத்தைப் புரட்டி, விசுவையும் பத்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் ஒன்று கேட்கலாமா? இதை எழுதியது யார்?"

விசு அப்பாவைப் பார்த்தான். சின்ன வயதில் கண்ணாடி உடைந்த அன்றைக்கும் இப்படித்தான் பார்த்தான், அன்றைக்கும் அடி விழுந்தது பத்மாவுக்கு. பத்மாவும் அப்பாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், திங்கட்கிழமைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

சிவகுருநாதன் தொண்டையைச் செருமினார். ஆபீஸ் ஆங்கிலத்தில், மரியாதையாகச் சொன்னார்.

"என் பிள்ளைகள் எழுதியது, மேடம்."

பத்மா பொத்தானை அழுத்தினாள். டிஸ்கெட் வெளியே வந்தது. அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"ரெண்டு பிள்ளையும் சேர்ந்து எழுதினதுன்னா, மிச்சத்தை இன்னொரு பிள்ளை பார்த்துக்கட்டும்" என்றாள் தமிழில், அப்பாவிடம். ரொஸ்னாவிடம் ஆங்கிலத்தில், "மன்னிக்கணும் மேடம்" என்றாள். படியில் இறங்கும்போதே மாடியில் ராமதாஸ் கத்துவது கேட்டது.

விசு காடி நிறுத்துமிடம் வரை துரத்திக்கொண்டு வந்தான்.

"பைத்தியமாடி உனக்கு? டிஸ்கெட்டக் கொடு!"

"திங்கக்கிழமை குழுவுல வந்து சொல்லிட்டு வாங்கிக்க."

"சொன்னா எனக்கு வேலை போயிடும்!"

"சொல்லாட்டி எனக்குப் படிப்பு போயிடும். இவ்வளவு நாள் அது உனக்குத் தெரியாதா?"

"நீ பொம்பளப்பிள்ள, பட்டம் வாங்கி என்ன பண்ணப் போற" என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் சொன்னது சொன்னதுதான். மாடி ஜன்னலிலிருந்து யாரோ அவன் பெயரைக் கூப்பிட்டார்கள், அவன் ஓடினான்.

அப்பா காடியில் ஏறி உட்கார்ந்தார். பத்மாவும் ஏறினாள். ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி அவர் இஞ்சினைக் கிளப்பாமலே இருந்தார்.

"ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான்" என்றார். "நான் வேற என்ன சொல்றது?"

"உண்மையச் சொல்லியிருக்கலாம்."

"எல்லார் முன்னாடியும் அவனத் திருடன்னு சொல்லச் சொல்றியா? கோபத்துல எதையாச்சும் பண்ணிடாத. அந்த டிஸ்கெட்ட எங்கிட்டக் கொடு. பத்திரமா வச்சிருக்கேன். போன தடவ மாதிரி உடனே எடுத்துக் கொடுத்திட மாட்டேன்."

லாரி ஒன்று கேட்டைத் தாண்டிப் போனது. அந்தச் சத்தம் அடங்கும் வரை பத்மா காத்திருந்தாள்.

"போன தடவன்னா?"

சிவகுருநாதன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"அலமாரிச் சாவி" என்றாள் பத்மா. "இன்னொரு சாவி உங்ககிட்டதான் இருந்துச்சு. நீங்களா?"

"அவன் பாத்துட்டுத் தரேன்னு கேட்டான்" என்றார் அப்பா, கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு. "வீட்டுக்குள்ளதானேன்னு..."

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். வெயில் முகத்தில் அறைந்தது.

"எங்க போற?"

"டாக்டர் சலேஹா வீட்டுக்கு. அண்ணன் திங்கக்கிழமை வரவேணாம்னு சொல்லப் போறேன். வரப் போறது வேற ஆள்."

"யாரு?"

"நீங்க. என் அலமாரியிலருந்து யாரு டிஸ்கெட்ட எடுத்தது, யாருக்குக் கொடுத்ததுன்னு உங்களுக்குத்தான் தெரியும். அங்க யாரையும் திருடன்னு சொல்ல வேணாம்பா. பிள்ளைகள்னு மட்டும் சொல்லாதீங்க. உங்க பேருக்கு முன்னாடி வரவேண்டிய எழுத்து பி-யா, எல்-லா, அத மட்டும் சொல்லுங்க."

தீவுக்குப் படகு கிளம்பும் பட்டர்வொர்த் பெர்ரிக்குப் போகும் பஸ் சாலை வளைவில் திரும்பி வந்தது. பத்மா கையை நீட்டி நிறுத்தினாள். ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது காடி நின்ற இடத்திலேயே நின்றது. அப்பா இன்னும் இஞ்சினைக் கிளப்பவில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்த விசு, குனிந்து, அவருடைய ஜன்னலில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தான்.